மலைக்கு வரி கிடையாது

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பயத்தோடுதான் வருவார்கள். கள்ளக்குறிச்சியில் பதினோரு வருஷமாக வருமான வரி தாக்கல் செய்து கொடுக்கிறேன்; பயந்த முகம் எனக்குப் புதிதில்லை. ஆனால் சந்திரலேகா நாற்காலியில் உட்காரவே பயந்தாள்.

அவள் கரியாலூர் பக்கத்து மலைக்காரி. வயது நாற்பது. இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாக நர்சுகளுக்கு உதவியாள். காலையில் முதல் பஸ்ஸில் இறங்குவாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே மகள் மலர்விழி நர்சிங் முதல் வருஷம் படிக்கிறாள். பழங்குடி மாணவர் உதவித்தொகை இல்லையென்றால் அந்தப் படிப்பு இல்லை.

செல்போனை மேஜையில் வைத்தாள். அதன் பக்கத்தில் லேமினேட் செய்த சாதிச் சான்றிதழை வைத்தாள்.

"அக்கா, இது இன்னா மெசேஜுன்னு பாருங்க. போலீசு வருமா?"

வருமான வரித் துறையிலிருந்து வந்திருந்தது. போன வருஷம் ஐந்து லட்சத்து நாலாயிரம் ரூபாய் சம்பளம் வாங்கியிருக்கிறீர்கள், கணக்கு தாக்கல் செய்யவில்லை என்று இருந்தது. கடைசித் தேதிக்கு இன்னும் நாலே நாள்.

"உனக்கு மாசம் எவ்ளோம்மா சம்பளம்?"

"பதினெட்டாயிரம்க்கா."

"படிவம் பதினாறு குடுத்தாங்களா?" வருஷா வருஷம் வேலை கொடுத்தவர் தர வேண்டிய சம்பளச் சான்று அது.

அவள் சாதிச் சான்றிதழை என் பக்கம் நகர்த்தினாள். "மலைக்காரங்களுக்கு வரி கெடையாது, அந்த பாரம்லாம் ஒனக்கு எதுக்குன்னு மேனேஜர் சொன்னாருங்க. அங்க வேல செய்யுற எங்க ஊரு பொம்பளைங்களுக்கு நான்தான் அத எடுத்துச் சொன்னேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சலுகை வடகிழக்கு மாநிலங்கள் மாதிரி சில இடத்துப் பழங்குடிகளுக்கு மட்டும்தான். இவளுடைய கல்வராயன் மலைக்குக் கிடையாது. யாரோ அரைகுறையாகக் கேட்டது மலை முழுக்கப் பரவி, அந்த மேனேஜருக்கு வசதியாகப் போயிற்று. ஆஸ்பத்திரியின் வரியைக் குறைக்க, இவளுக்கு மாதம் நாற்பத்திரண்டாயிரம் கொடுத்ததாகச் செலவு காட்டியிருக்கிறார்கள். படிவத்தைக் கையில் கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே!

சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நான் திருடலைக்கா."

"நீ திருடினேன்னு யாரும் சொல்லலம்மா. உக்காரு."

படிவம் இல்லாவிட்டாலும் பாஸ்புக்கை வைத்துத் தாக்கல் செய்யலாம். அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததில் பன்னிரண்டு மாதமும் பதினெட்டாயிரம் தெளிவாக விழுந்திருந்தது. மொத்தம் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம். ஆனால் அப்படிப் போட்டால் ஆஸ்பத்திரி சொன்னது தப்பு என்றும் பதிய வேண்டும். துறை ஆஸ்பத்திரியைக் கேட்கும். ஐந்து லட்சம் என்றே போட்டுவிட்டால் ஒரு பைசா வரி வராது, வேலையும் போகாது. ஆனால் உதவித்தொகைக்கு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஐந்து லட்சம் என்று இவள் கையாலேயே எழுதிக் கொடுத்தால் மலர்விழி மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

சரியான சம்பளத்துக்கு ஒரு கடிதம் கேட்டுப் பார்க்கலாம் என்று மேனேஜர் சிவசங்கருக்கு போன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டாள். அந்த ஆள் கத்தவில்லை. சிரித்தார்.

"சந்திரலேகா, அதுல இருக்கறதையே போட்டுக்கினு பேசாம வேலைய பாரு. ஒன்ன மாதிரி பத்து பேரு கேட்டாண்ட நிக்கிறாங்க. எந்தக் கடையில ஒக்காந்துகினு இருக்க நீ?"

அவள் கட் செய்தாள். அந்தக் கடைசிக் கேள்வி என்னையும் பயமுறுத்தியது, பொய் சொல்வானேன்.

அவள் பாஸ்புக்கை என் பக்கம் தள்ளினாள். பிறகு, "வேல போனா கருவேப்பில பறிப்பேன், மரவள்ளி புடுங்குவேன். அவ படிப்பு போனா நான் இன்னாக்கா பண்றது?" என்றாள். "நெஜத்தையே போடுங்க."

போட்டேன். உறுதி செய்யச் செல்போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணை அவள் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். ரசீதை அச்சடித்துக் கொடுத்தேன். அதைச் சாதிச் சான்றிதழோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு, "அவங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

மூன்று வாரம் கழித்து நான்கு மலைப் பெண்கள் கடை வாசலில் வந்து நின்றார்கள். நான்கு பேர் கையிலும் பாஸ்புக். உள்ளே வரத் தயங்கினார்கள். மூத்தவள் சாலம்மாள்தான் பேசினாள்.

"சந்திரலேகாவ நேத்து நிறுத்திட்டாங்கம்மா. போவும்போது ஒவ்வொரு வார்டா வந்து, நான் சொன்னது தப்பு, எல்லாரும் போன எடுத்துப் பாருங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. எங்களுக்கும் அதே மெசேஜு வந்துகீது."

"தேதி தாண்டினாலும் இப்பவும் போடலாம். அவ பொண்ணு?"

"ஒதவித்தொக பணம் வந்துடுச்சாம். படிக்குது."

அப்போது என் போன் அடித்தது. சந்திரலேகா அன்று ஸ்பீக்கரில் போட்ட மேனேஜரின் அதே எண்; எந்தக் கடை என்று கண்டுபிடித்துவிட்டார். சாலம்மாளுக்கும் அந்த எண் தெரிந்திருந்தது. பாஸ்புக்கை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

போனை அடிக்கவிட்டுவிட்டு, "ஒவ்வொருத்தரா வந்து உக்காருங்க" என்றேன்.