சுகுமாறனின் இடது முட்டி

ஐம்பத்தாறு வயதில் சுகுமாறனுக்கு இடது முட்டி வீங்கியபோது, அதில் மிஞ்சியிருக்கிற பலத்தை எதற்குச் செலவழிப்பது என்ற பேச்சு வீட்டில் வந்தது. கார் பழைய புரோட்டோன். கிளச் மிதித்து ஓட்டுவது. வீடு இருக்கிற சாலாக் செலாத்தானிலிருந்து பேண்ட் பழகுகிற கிள்ளான் வரைக்கும் நெரிசலில் மிதித்துக்கொண்டே போனால், போய்ச் சேர்ந்தபின் டிரம் வாசிக்க முட்டியில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் மனைவி லோகேஸ்வரி கார் ஓட்டினாள். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் கணவனின் பேண்ட் வாசிப்பதை அவள் நேரில் பார்க்கப் போவது அதுதான் முதல் தடவை.

கோபதாபத்தால் போகாமல் இருந்தவள் அல்ல. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் சேலை பிளவுஸ் தைக்கிறாள். ஞாயிறு என்றால் வாடிக்கையாளர்கள் வந்து போகிற நாள். அன்றைக்கு முட்டிக்காகக் கடையைச் சாத்தினாள்.

பேண்ட் வாசிக்கிற மெட்டல் இசையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சமையலறையில் தெரிந்துகொண்டதுதான். பின்னறையில் ரப்பர் தட்டுகளை வைத்துக்கொண்டு, கீழ்வீட்டுக்காரர் புகார் செய்யாதபடி அடியில் பாய் விரித்து, சுகுமாறன் சத்தமில்லாமல் பழகுவான். சத்தம்தான் இருக்காது, இழுப்பறையில் கரண்டிகள் நடுங்கும். புதுப்பெண்ணாக வந்தபோது ஒருமுறை அவர்களின் கேசட்டைப் போட்டுக் காட்டினான். லோரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற இடத்தில் யாரோ பக்கத்தில் நின்று வாந்தி எடுப்பது போல இருக்கிறது என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அதன்பிறகு போட்டுக் காட்டவில்லை.

ஆனால் அவளுக்குள் ஒரு கேள்வி கிடந்தது. இந்த மனிதன் தரையில் பதிக்கிற ஓடுகல் கிடங்கில் சூப்பர்வைசர். கீழே வேலை செய்கிறவர்களைக்கூட அதட்டத் தெரியாது. சூப்பர் மார்க்கெட்டில் யாரோ விட்டுப்போன தள்ளுவண்டியையும் சேர்த்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறவன். இவனுக்கு அங்கே என்ன இருக்கிறது?

பேண்டில் மூன்று பேர். மூவருமே செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர்கள். கித்தார் ஜீவன், இப்போது இன்சூரன்ஸ் ஏஜெண்டு. பேஸ் வாசித்துக்கொண்டே தொண்டையைக் கிழித்துப் பாடுகிற ரோஸ்லி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், பேரன் எடுத்துவிட்டார். டிரம் சுகுமாறன். அங்கே ரயில் பட்டறைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த சரக்குப் பெட்டிகளைப் பார்த்து ‘ரஸ்ட் வேகன்’ என்று பேர் வைத்துக்கொண்டார்கள். வெளியிட்டது ஒரே ஒரு கேசட். அதில் ‘பாயிண்ட்ஸ்மேன்’ என்ற பாட்டுக்குத்தான் கொஞ்சம் பேர் கிடைத்தது. அதுவும் அதன் வேகத்துக்காக. இத்தனை வருடம் கழித்து அந்தக் கேசட்டை எவரோ இணையத்தில் ஏற்றிவிட, பிள்ளைகள் வயதில் இருக்கிற சிலர் கிள்ளானில் ஒரு மண்டபம் எடுத்துப் பழைய பேண்டுகளைக் கூப்பிட்டுக் கச்சேரி வைக்கிறார்கள். வருவதா இல்லையா என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்லவேண்டும். சுகுமாறன்தான் இன்னும் பதில் சொல்லாமல் வைத்திருந்தான்.

பயிற்சிக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிற ஜாமிங் ஸ்டூடியோ ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனால் தரை முழுக்கக் கம்பளம், சுவரெல்லாம் பஞ்சு. ஜீவன் தன் ஸ்பீக்கர் பக்கத்தில் ஒரு பெட்டியைத் துடைத்து, “உக்காருங்க அண்ணி, முதல் பாட்டுலயே எழுந்து ஓடிடாதீங்க” என்றார். மலாய்க்காரரான ரோஸ்லி செந்தூல் தமிழில் அக்கா சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த மரவள்ளியை நீட்டினார்.

வாசிக்கத் தொடங்கினார்கள். நெஞ்செலும்பில் அடி விழுவது போல இருந்தது. லோகேஸ்வரி காதைப் பொத்திக்கொண்டு கணவனின் பாதங்களைப் பார்த்தாள். தையல் மிஷினை மிதிக்கிறவள் ஆதலால் கால்தான் முதலில் கண்ணில் படும். பெரிய டிரம்முக்கு ஒன்றல்ல, இரண்டு மிதி. இரண்டு காலும் மாறி மாறி, ஓடுகிறவனின் கால் மாதிரி. வலது கால் லேசாகத் தட்டுகிறது. இடது காலை அவன் தொடையிலிருந்தே தூக்கித் தூக்கிப் போடுகிறான். முகத்தில் மட்டும் எதுவும் இல்லை. காலையில் பேப்பர் படிக்கிற அதே முகம்.

பாட்டு முடிந்ததும், முட்டிக்குப் போடுகிற உறை காரிலேயே இருக்கிறது என்று நொண்டிக்கொண்டே கீழே போனான். ஜீவன் ஸ்பீக்கர் மேல் கிடந்த போனை எடுத்தார். திரையில் பெரிதாக ஓர் எண். விரலால் இரண்டு தட்டுத் தட்டினார், எண் குறைந்தது. ரோஸ்லி கூரையைப் பார்த்தார்.

அது என்ன என்று லோகேஸ்வரி கேட்டாள். ஜீவன் சங்கடத்தோடு விளக்கினார். போன் அடிக்கிற டிக் டிக் சத்தம் சுகுமாறன் காதில் மாட்டியிருக்கிற ஹெட்போனுக்குப் போகும். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் அடிப்பான். மற்ற இருவரும் அவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள். கேசட்டில் ‘பாயிண்ட்ஸ்மேன்’ நிமிடத்துக்கு இருநூறு டிக். இப்போது நூற்று எழுபத்து நான்கு.

“அவருக்குத் தெரியாதா?”

“தெரியாது அண்ணி. வருஷா வருஷம் தீபாவளி முடிஞ்சதும் கொஞ்சம் கொறைப்பேன், இந்த வருஷத்துக்கு இப்பத்தான். ஒரேடியா கொறைச்சா கண்டுபிடிச்சிடுவான்லா. அவன் முட்டிக்காகத்தான். நீங்க ஒண்ணும் சொல்லிக்காதீங்க.”

படியில் காலடி கேட்டது. ஜீவன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

திரும்பும் வழியில் ரொட்டியும் தேநீரும் விற்கிற ஒரு மாமாக் கடையில் நிறுத்தினார்கள். சுகுமாறன் காலை நீட்டிப் பக்கத்து நாற்காலியில் போட்டுக்கொண்டு ரொட்டியைப் பிய்த்தான். முகம் தெளிந்திருந்தது. லோகேஸ்வரிக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. வாசிக்கிறவனுக்கே தன் வேகம் தெரியாமல் போகுமா? நேராகக் கேட்காமல், ஏன் இன்னும் இதை விடாமல் வாசிக்கிறீர்கள் என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை என்று அவனுக்கும் புரிந்தது.

“ரெண்டு கை, ரெண்டு காலு, நாலுக்கும் தனித்தனி வேலை. வேற நெனப்பு வர எடமே இல்ல. கெடங்கு இல்ல, முட்டி இல்ல. எறங்கினப்புறம்தான் வலி தெரியும்.”

பிறகு, தானாகவே தொடர்ந்தான். இந்தக் கச்சேரிக்குச் சரி சொல்லிவிடலாம் என்று இன்றைக்குத்தான் தைரியம் வந்ததாம். ஆனால் ஒன்று. இந்த இசையை அரைகுறையாக வாசிக்கிற கிழவர்களை அவன் பார்த்திருக்கிறான். கைதட்டுகிறவர்கள் முகத்தில் ஒரு பரிதாபம் இருக்கும். “என் ஸ்பீடு என்னைக்கு விழுதோ, அன்னைக்கே குச்சிய வச்சிருவேன். இன்னைக்கு வரைக்கும் விழல.”

அவள் தேநீரை ஆற்றினாள். ஒரு வார்த்தை சொன்னால் ஞாயிறுகள் திரும்பக் கிடைக்கும், முட்டியும் பிழைக்கும். அது தனக்கு வேண்டியிருக்கவில்லை என்பது அவளுக்கே புதிதாக இருந்தது. ஜீவன் செய்தது அவளுக்குத் தெரியாத வேலையும் இல்லை. பழைய வாடிக்கையாளர் உடம்பு போட்டு வந்து, போன தடவை அளவே போதும் என்பாள். லோகேஸ்வரி சொல்லாமல் தையலைக் கொஞ்சம் விட்டுத் தைப்பாள். போட்டுப் பார்த்து, பாரு, அதே அளவுதான் என்று அந்த அம்மாள் சந்தோஷமாகப் போவாள். அதில் ஒரு பாவமும் இல்லை. ஆனால் பிளவுஸ் போடுகிறவள் எவளும் அதை வைத்துச் சபதம் எடுப்பதில்லை. இவன் எடுத்து வைத்திருக்கிறான். நாளைக்கு அந்த மண்டபத்தில் கேசட்டை மனப்பாடமாகக் கேட்டு வந்திருக்கிற பிள்ளைகள் முன்னால் உட்காரப் போகிறான்.

சொல்லிவிட்டாள். போன், எண், தீபாவளி, எல்லாவற்றையும்.

சுகுமாறன் சத்தம் போடவில்லை. மிச்ச ரொட்டியைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டு முடித்தான். காரில் ஏறியபின், எத்தனையாவது தீபாவளியிலிருந்து என்று மட்டும் கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முழுவதும் சமையலறையில் கரண்டிகள் நடுங்கவில்லை. சண்டையென்றால் சமாதானம் செய்யலாம். இதற்கு என்ன செய்வது என்று அவளுக்குப் புரியவில்லை. சொல்லியிருக்கவேண்டாமோ என்ற யோசனையில் இரண்டு பிளவுஸுக்குக் கையைத் தப்பாக வெட்டினாள்.

அடுத்த ஞாயிறு அவனே காரில் போய் உட்கார்ந்து, “போலாமா” என்றான்.

ஸ்டூடியோவில் நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் ஜீவனிடம் கையை நீட்டினான். ஜீவன் லோகேஸ்வரியைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. போன் கை மாறியது. சுகுமாறன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எண்ணை இருநூறுக்குக் கொண்டுபோய் வைத்தான். ‘பாயிண்ட்ஸ்மேன்’ என்றான்.

“மச்சான், மொதல்ல பேசிடலாம்” என்றார் ஜீவன்.

“அடிச்சிட்டுப் பேசலாம். நான் விழுந்தேன்னா, பேசவே வேணாம்.”

குச்சியால் நான்கு தட்டு. பாட்டு கிளம்பியதும் லோகேஸ்வரிக்கே வித்தியாசம் தெரிந்தது. போன வாரம் ஓடினார்கள், இன்று யாரோ துரத்துகிறார்கள். அவள் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொடை நடுங்குகிறது, ஆனால் விழவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் மற்றதைக் கவனிக்கத் தவறிவிட்டாள். முதலில் நின்றது குரல். ரோஸ்லி மைக் கம்பத்தைப் பிடித்துக் குனிந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டார். அடுத்தாற்போல் கித்தார் தடுமாறி ஓய்ந்தது. ஜீவன் வலது கையை உதறிக்கொண்டு நின்றார். டிரம் மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் ஓடியது. சுகுமாறன் தலையைத் தூக்கிப் பார்த்தான். கூட வாசிக்க யாரும் இல்லை. அப்போதுதான் அவன் இடது கால் மிதியிலிருந்து வழுக்கியது.

ரோஸ்லி சட்டைப்பையிலிருந்து ஆஸ்துமா பம்பை எடுத்து இரண்டு முறை இழுத்தார். அது எப்போதிலிருந்து என்று சுகுமாறன் கேட்டான். கோவிட் வந்து போனதிலிருந்து என்றார். பிறகு ஜீவன் கையை நீட்டிக் காட்டினார். நடுவிரல் மடங்கியபடி நின்றது. இன்னொரு கையால் பிடித்து நிமிர்த்தினால்தான் நிமிர்கிறது. தினமும் காலையில் சுடுதண்ணீரில் வைத்து எடுக்கவேண்டுமாம்.

“ஒன் முட்டிக்காகத்தான் கொறைக்கிறேன்னு ரோஸ்லிகிட்ட சொன்னேன். அவனும் ஆமா ஆமா, பாவம் சுகுன்னான். ரெண்டு பேருக்கும் அது வசதியா இருந்துச்சு” என்றார் ஜீவன்.

“அப்ப என் முட்டிய வச்சு நீங்க ரெண்டு பேரும் பொழைச்சிருக்கீங்க.”

“ஆமாலா.”

சுகுமாறன் கோபப்படுவானா என்று லோகேஸ்வரி பார்த்தாள். அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். துண்டுக்குள் தோள் குலுங்கியது. எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு ஒன்று தெரிந்தாகவேண்டும் போல இருந்தது. அந்த இருநூறு எங்கிருந்து வந்தது, அதை யார் வைத்தது என்று கேட்டாள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வைக்கவில்லை. கேசட் பதிவு செய்த அன்றைக்குப் போன் ஏது, டிக் டிக் ஏது? பாலர் பள்ளிப் பிள்ளைகள் பாட்டுப் பதிவுக்காக வெளியே வரிசையில் நின்றார்களாம். ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தாராம். கடைசிப் பாட்டை எப்படியாவது முடித்துவிடவேண்டும் என்று சுகுமாறன் ஓட்டினான். அதற்கு முன்னால் அந்தப் பாட்டை அவ்வளவு வேகத்தில் அவர்கள் வாசித்ததே இல்லை என்று ரோஸ்லி சொன்னார். அப்படியானால் அது கணக்கில் சேராது என்று ஜீவன் உடனே பிடித்துக்கொண்டார்.

சுகுமாறன் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. “பயந்து ஓடினாலும் ஓடினது நம்ம காலுதான். அது நம்ம ஸ்பீடுதான். இப்ப இல்ல, அவ்ளோதான்.”

“அப்ப குச்சிய வச்சிரப் போறீங்களா?” என்று லோகேஸ்வரி கேட்டாள்.

அவன் குச்சிகளை மடியில் போட்டுக்கொண்டான். ஜீவனும் ரோஸ்லியும் டாக்டர் வாயைப் பார்க்கிற நோயாளிகள் மாதிரி நின்றார்கள். இவன் வைத்துவிட்டால் அவர்களுக்கும் முடிந்தது.

“இவனுங்க ஓடி, நான் மட்டும் நின்னுட்டா வச்சிரலாம்னு நெனச்சிருந்தேன். மூணு பேரும் சேர்ந்து விழுந்தா அதுக்கு என்ன பேரு?”

“வயசு” என்றார் ரோஸ்லி.

போனை அணைக்கச் சொன்னான் சுகுமாறன். இனிமேல் அந்த டிக் டிக் வேண்டாம். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து வாசித்துக்கொள்வோம் என்றான். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருமே என்று ஜீவன் இழுத்தார். வரட்டும், ஆனால் இனிமேல் எவனும் எனக்குத் தெரியாமல் எதையும் குறைக்கக் கூடாது என்றான். இன்னொன்றையும் சொன்னான்: எல்லாரும் காத்திருக்கிற பாட்டு என்று ‘பாயிண்ட்ஸ்மேனை’ எப்போதும் கடைசியில் வைப்பார்கள், இந்தத் தடவை முதலில் வைக்கவேண்டும், மூச்சும் விரலும் முட்டியும் இருக்கும்போதே. ஜீவன் அங்கேயே நின்று, வருகிறோம் என்று கச்சேரிக்காரர்களுக்குச் செய்தி அனுப்பினார், விரல் மடங்கியதால் இடது கையால்.

மறுபடியும் வாசித்தார்கள். வேகம் என்னவென்று யாருக்கும் தெரியாது. ஓர் இடத்தில் முட்டி இழுத்ததோ என்னவோ சுகுமாறன் தளர்ந்தான், மற்ற இருவரும் திரும்பிப் பார்த்துத் தளர்ந்தார்கள். இன்னோர் இடத்தில் அவனே முறுக்கிக்கொண்டு போனான். லோகேஸ்வரி இப்போது பாதத்தை விட்டு முகங்களைப் பார்த்தாள். போன வாரம் மூவரும் மூன்று பக்கம் பார்த்து வாசித்தவர்கள்.

முடிந்ததும், எப்படி இருந்தது என்று ஜீவன் அவளைக் கேட்டார். அவள் மழுப்பவில்லை. தலை வலிக்கிறது, பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று இன்னும் புரியவில்லை என்றாள்.

“ஆனா நடுவுல ஒரு எடத்துல எல்லாரும் டப்புனு நின்னுட்டு, அப்புறம் ஒண்ணா விழுந்தீங்களே. அது நல்லா இருந்துச்சு.”

மூவரும் விழித்தார்கள். பாட்டில் அப்படி ஓர் இடமே கிடையாது. ரோஸ்லி மூச்சு வாங்கியபோது மற்ற இருவரும் அவருக்காக நின்ற இடம் அது.

“அத அப்படியே வச்சுக்குவோம்” என்றான் சுகுமாறன். “எங்கன்னு ஞாபகம் இருக்கா? இன்னொரு தடவ போவோம்.”