வில்செஸ்டரில் ஐவி அடித்த மணி

1260. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் பாதகமில்லை.

கோபுரத்து மணிகளை ஆளுக்கொரு கயிறு பிடித்து அடிக்கிறவர்கள், ஒவ்வொரு சுற்றிலும் மணிகளின் வரிசையை மாற்றிக்கொண்டே போவார்கள். நிற்காமல், தப்பாமல் 1260 வரிசை அடித்து முடித்தால் அது பதிவுப் புத்தகத்தில் ஏறும், அடித்தவர் பெயரோடு. முக்கால் மணி நேரம் பிடிக்கும். கையில் காகிதம் இருக்காது. எல்லாம் தலைக்குள். நடுவில் அறுந்தால் அத்தனையும் வீண். வீட்டுக்குப் போய் டீ குடிக்கலாம்.

ஐவி கிரிம்ஷா பதினோரு முறை முயன்றாள். பதினோரு முறையும் டீதான்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் பஞ்சாலைகள் மூடிப்போன ஒரு ஊரில், பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் உருளைக்கிழங்கு வேகவைத்தவள் அவள். அதில் பத்தொன்பது வருடம் அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதி. மாதா கோயிலுக்கு மணியடிக்க வந்தது நாற்பத்தொன்பது வயதில். ஆள் குறைகிறது என்று பாதிரியார் கேட்டார். "சாமிக்காக வரமாட்டேன், கயித்துக்காக வர்றேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். பாதிரியாருக்கு அது போதுமாக இருந்தது. மணிகள் ஆறு, ஆட்கள் ஐந்து என்றால் யார்தான் பக்தியைச் சோதிப்பார்கள்?

1986 மே மாதம் மணியடிப்பவர்களின் வருடாந்தரப் பயணம் வில்செஸ்டருக்கு என்று முடிவானது. அங்கே பேராலயம், பத்து மணிகள். அதில் சின்ன ஆறு மணிகளை ஒரு மணி நேரம் அடித்துக்கொள்ள அனுமதி கேட்டு, நான்கு மாதம் முன்பே கடிதம் போயிருந்தது. சனிக்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. ஒரு நிமிடம் கூடாது. பன்னிரண்டுக்கு ஜெபம்.

அடுத்த வியாழக்கிழமை ஐவிக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு கையைத் தலைக்கு மேல் தூக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதாவது கயிறு இல்லை. பன்னிரண்டாவது முயற்சிதான் கடைசி. பஸ்ஸில் ஏறிய எல்லோருக்கும் இது தெரியும்.

அதனால்தான் அன்றைக்கு அவள் புருஷன் க்ளெமும் வந்திருந்தான். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட கோபுரம் ஏறாதவன். லாரிகளின் பக்கவாட்டில் கம்பெனிப் பெயர்களைத் தூரிகையால் எழுதிப் பிழைத்தவன். மணிச்சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவான். மடியில் ஒரு சாப்பாட்டுப் பை. அதில் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட அப்பம் ஆறு, ரொட்டி, ஊறுகாய் வெங்காயம், பெரிய டீ ஃபிளாஸ்க்.

வில்செஸ்டரில் இறங்கியதுமே ஆரம்பித்தான்.

"நம்ம ஊர்ல அம்பதாயிரம் பேர் இருக்கோம். நாம வெறும் டவுனு. இங்க ஒம்பதாயிரம் பேரு. இது சிட்டியாம்."

"பேராலயம் இருந்தா சிட்டிதான்" என்றார் ஹோரஸ் ஆஸ்பினால். பணி ஓய்வு பெற்ற தபால்காரர். குழுவை நடத்துகிறவர் அவர்தான். எப்போது தொடங்குவது, எப்போது மாறுவது, எப்போது நிறுத்துவது என்று அவர் குரல்தான் சொல்லும். க்ளெமும் அவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஒரே தொண்டை. போனில் பேசினால் ஐவிக்கே சில நேரம் குழம்பும்.

"அப்ப நம்ம மீன்வறுவல் கடைமேல ஒரு கூம்பு வச்சிட்டா?"

"வாயை மூடிட்டு நட, க்ளெம்."

புல்வெளியைக் கடந்து, மேற்குவாசல் வழியாக உள்ளே போனார்கள். தரை முழுக்க ஆயர்களின் கல்லறைகள். ஐவி ஒவ்வொன்றையும் மிதிக்காமல் தாண்டினாள். "இவங்களுக்கெல்லாம் சமைச்சுப் போட்டவ எங்க படுத்திருக்கா?" என்று கேட்டாள். பிறகு நூற்று இருபத்தேழு படிகள், சுழன்று சுழன்று. க்ளெம் நாற்பதாவது படியில் உட்கார்ந்தான். எண்பதாவது படியில் மறுபடி உட்கார்ந்தான்.

"கீழயே இருந்திருக்கலாம்ல?" என்றாள் ஐவி.

"உன் கடைசி... உன் ஆட்டத்தைப் பாக்கணும்ல."

மணியறையில் சுவரோரம் ஒரு பெஞ்சு, ஹோரஸ் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால். க்ளெமை அங்கே உட்கார வைத்தாள்.

"இங்க பேச்சு கிடையாது. ஹோரஸ் சொல்ற சொல்லு மட்டும்தான் எங்க காதுல விழணும். தும்மல் வந்தாக்கூட முழுங்கிடு."

"முழுங்கிடறேன்."

அவர் சொல்கிற சொற்களில் முக்கியமானவை நான்கே நான்கு. "பாத்துக்க" என்றால் கயிற்றைப் பிடி. "போயிட்டா" என்றால் முதல் மணி கிளம்பிவிட்டது (மணிகள் எல்லாம் பெண்கள்தான், ஏனென்று கேட்காதீர்கள்). "நில்லு" என்றால் நிறுத்து. அதற்கு முன்னால் ஒரு சொல் இருக்கிறது: "அவ்வளவுதான்". வரிசை மாற்றம் முடிந்தது, இனிமேல் சாதாரண வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடியுங்கள் என்று அர்த்தம். முக்கால் மணி நேரம் கை வலிக்க அடிக்கிறவன் கேட்க ஏங்குகிற சொல் அது. காதில் விழுந்த அடுத்த கணம் கை தானாகக் கீழ்ப்படியும்.

பதினொன்று ஐந்துக்கு ஹோரஸ் தொண்டையைக் கனைத்தார்.

"பாத்துக்க... போறா... போயிட்டா."

ஐவிக்கு நான்காவது மணி. கறிக்கடை டெஸ்மண்டுக்கு ஆறில் பெரிய மணி, ஒவ்வொரு வரிசைக்கும் கடைசியில் அடிப்பது. மணிகள் மேலே இரண்டு மாடி தாண்டித் தொங்குகின்றன. ஊருக்கெல்லாம் காது கிழியும், அடிக்கிறவர்களுக்கு மட்டும் ஏதோ அடுத்த வீட்டுக் கல்யாணம் மாதிரி மெல்லத்தான் கேட்கும். அறைக்குள் கயிறு ஏறி இறங்கும் சரசரப்பு, ஷூ தேயும் சத்தம், மூச்சு. அவ்வளவே.

முதல் கால் மணி நேரம் தோள் சும்மா இருந்தது. பிறகு ஆரம்பித்தது. பல் வலி போலத் தொடங்கி, சூடு வைத்தது போல ஆனது. ஐவி மற்றவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே அடித்தாள். யாருக்குப் பின்னால் நான், இப்போது யாருக்குப் பின்னால், மறுபடி யாருக்கு. ஒருமுறை தடுமாறினாள். "ஐவி, மூணாவதுக்குப் பின்னால!" என்று ஹோரஸ் ஒரு அதட்டு போட்டார். பிடித்துக்கொண்டாள். பதினோரு முறையும் அறுந்துபோன இடங்களை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போவது அவளுக்குத் தெரிந்தது, பஸ் ஜன்னலில் ஊர்கள் கடப்பது போல. இவ்வளவு தூரம் அவள் வந்ததே இல்லை. ஹோரஸின் முதுகு நிமிர்ந்தது. டெஸ்மண்ட் கண்ணடித்தான். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இன்னும் ஒரு நிமிடம்கூட இல்லை. மற்ற ஐந்து பேரும் ஹோரஸின் அந்தச் சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே ஃபிளாஸ்க்.

மனைவியின் முகத்தைப் பார்க்க முன்னால் சாய்ந்த க்ளெமின் மடியிலிருந்து பை சரிந்தது. கல்தரையில் உள்கண்ணாடி நொறுங்கும் சத்தம். டீ முழுவதும் அப்பங்களின் மேல். க்ளெம் அதைப் பார்த்தான். கத்தவில்லை, பாவம். வாய்க்குள்தான் முணுமுணுத்தான்.

"அவ்வளவுதான்."

நான்கு பேர் சாதாரண வரிசைக்குத் திரும்பினார்கள். ஐவியும் திரும்பினாள். பழகிய கை, யார் சொன்னது என்று விசாரிக்குமா?

"நான் சொல்லல! போய்க்கிட்டே இருங்க! நான் சொல்லல!" என்று ஹோரஸ் அலறினார். மணிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பாத்திரக்கடைக்குள் மாடு புகுந்தது போல இருந்தது. ஒரு நிமிடம் இழுத்துப் பார்த்தார். பிறகு, "நில்லு."

ஆறு கயிறுகளும் நின்றன.

"எத்தனை?" என்றாள் ஐவி.

"ஆயிரத்து இருநூறு முடிஞ்சு, முப்பத்தெட்டு."

இருபத்திரண்டு குறைவு. முக்கால் நிமிடம்.

கோயில் ஊழியர் படியேறி வந்து தலையை நீட்டினார். அவருக்கு விஷயம் புரிந்தது. "மன்னிக்கணும்மா. இன்னொருக்கா தொடங்கினா முடியாது. பன்னெண்டுக்கு ஜெபம்" என்றார். நல்ல மனிதர். அவர் கையில் ஒன்றுமில்லை.

டெஸ்மண்ட் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே மெல்லச் சொன்னான்: "ஹோரஸ், கீழ நின்னு யாரு எண்ணினா? ஆயிரத்து இருநூத்தி அறுபதுன்னு எழுதிடுங்க. அதுக்குத் தகுதியில்லாத ஆளா இவ?"

ஹோரஸ் மறுக்கவில்லை. பேனாவைத் திறந்தார். ஐம்பது வருடம் கயிறு பிடித்த மனிதர், ஒரு பொய்யும் எழுதாதவர், ஐவிக்காக எழுதத் தயாராக நின்றார். அதை அவள் கடைசிவரை மறக்கவில்லை.

"மூடுங்க ஹோரஸ்" என்றாள். "எழுபத்திமூணுல வேலைநிறுத்தத்துக்குக் கை தூக்கச் சொன்னோம். ரெண்டு கை குறைஞ்சுது. வட்டாரச் செயலாளர் என் காதுல, 'ஜெயிச்சிட்டோம்னு சொல்லு, எவன் எண்ணப்போறான்'னாரு. நான் எண்ணினேன். தோத்துட்டோம்னு சொன்னேன். அதுக்கப்புறம் பதிமூணு வருஷம் நான் சொன்ன எண்ணிக்கையை ஒருத்தரும் திருப்பி எண்ணல. அதை இருபத்திரண்டுக்கு விக்கச் சொல்றீங்களா?"

பேனா மூடியது.

க்ளெம் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி முடித்து நிமிர்ந்தான். "என்னாச்சு? எதனால நின்னுடுச்சு?"

ஐந்து பேரும் அவனைப் பார்த்தார்கள். டெஸ்மண்ட் வாயைத் திறந்தான். ஐவி முந்திக்கொண்டாள்.

"தோள் இழுத்துக்கிச்சு. கை நழுவிடுச்சு. என் தப்பு."

"ஐயோ, பொண்ணே" என்றான் க்ளெம்.

புல்வெளியில் உட்கார்ந்து டீயில் ஊறிய அப்பங்களைத் தின்றார்கள். தூறல் வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. மழைக்கு எழுந்திருந்தால் அந்த நாட்டில் உட்காரவே முடியாது. சாயங்காலம் பஸ் கிளம்புமுன் ஒரு மதுக்கடை. டெஸ்மண்ட் தட்டில் கடைசி உருளைக்கிழங்கு வறுவலை எடுத்து வாயில் போட்டு, "அவ்வளவுதான்" என்றான். நினைத்துச் சொன்னதல்ல. மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் குபீரென்று சிரித்தார்கள். உடனே க்ளெமைப் பார்த்தார்கள். சிரிப்பு சட்டென்று அடங்கியது.

க்ளெம் முட்டாள் அல்ல. கோப்பையைக் கீழே வைத்தான். அதற்குப் பிறகு அவன் குடிக்கவில்லை.

பஸ் நெடுஞ்சாலைக்கு ஏறியபோது கேட்டான்.

"நான்தானா?"

"தூங்கு."

"ஐவி."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எத்தனை மிச்சம் இருந்துச்சு?"

"இருபத்திரண்டு."

க்ளெம் காலிச் சாப்பாட்டுப் பையை மடித்து மடியில் வைத்தான். பிறகு, "கை நழுவிடுச்சுன்னு சொன்னியே. பொய் சொல்லமாட்டேன்னு அங்க அத்தனை பேர் முன்னாடி நின்னுட்டு."

"எண்ணிக்கையில சொல்லமாட்டேன்னேன். புருஷன் விஷயம் எண்ணிக்கையில வராது."

"ஒம்பது வருஷம் ஜன்னலைச் சாத்தினேன். ஒரு நாள் வந்தேன், அன்னைக்கே..."

"வந்தியே. நூத்தி இருபத்தேழு படி. நாப்பதுல ஒரு தடவை, எம்பதுல ஒரு தடவை உக்காந்தே. நான் எண்ணினேன். இப்ப தூங்கு, இல்லைன்னா நிஜமாவே திட்டுவேன்."

அவன் தூங்கவில்லை. அவளுடைய வலிக்கிற தோள் ஜன்னலில் இடிக்காமல் தன் சட்டையைச் சுருட்டி இடையில் வைத்தான். ஊர் வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

வியாழக்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த புதன்கிழமை வீடு திரும்பினாள், கையைக் கழுத்துத் தூளியில் தொங்கவிட்டபடி. சமையலறையில் ரொட்டிப் பெட்டிக்கு மேலே ஒரு பலகை மாட்டியிருந்தது. முடித்த ஆட்டங்களைக் கோபுரத்துச் சுவரில் இப்படித்தான் பலகையில் எழுதி மாட்டுவார்கள். முடிக்காததற்குக் கோபுரத்தில் பலகை கிடையாது. சமையலறைக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. கறுப்புப் பின்னணியில், லாரிகளுக்கு எழுதி மிஞ்சிய தங்கச் சாயத்தில், க்ளெம் தன் வாழ்நாளில் எழுதியதிலேயே நேரான எழுத்துகள். வில்செஸ்டர் பேராலயம், தேதி, ஆறு மணிகள், ஆறு பெயர்கள். நான்காவது: ஐவி கிரிம்ஷா.

ஐவி கோட்டைக் கழற்றவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, துண்டறிக்கைக்குப் பிழை பார்ப்பதுபோல ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள். க்ளெம் கெட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்க மறந்து, பின்னால் நின்றான்.

"எழுத்துப்பிழை இருக்கா?"

"பொறு. இன்னும் கடைசி வரி பாக்கல."

அவள் விரல் கடைசி வரிக்கு இறங்கியது.

1238.