நடந்து காட்டப் போனவர்

பட்டாளத்தோடு அஸ்ஸாமுக்குப் போன என் வீட்டுக்காரர், லாரி கவிழ்ந்து இடது காலை நசுக்கிக்கொண்டு திரும்பி வந்தவர். முழங்கால் மடங்காது, இடுப்பும் பாதிதான் வளையும். தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். தெரியாமல் போனது அவருடைய பிடிவாதம்.

கொட்டாரத்தில் ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தோம். வாழைக்குலையும் பீடியும் விற்று வாடகை கொடுப்பதே பெரும்பாடு. கடையை மூடிவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள் என்று என் அப்பா அஞ்சுகிராமத்திலிருந்து ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார். மாமனார் வீட்டுச் சோறு என்றாலே இவருக்கு முகம் கறுத்துவிடும். அந்தச் சமயத்தில்தான், பட்டாளத்தில் ஊனப்பட்டவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு, தாலுகா கச்சேரியில் மனு கொடுக்கவேண்டும் என்று கேள்விப்பட்டோம். அது கிடைத்தால் கொட்டாரத்திலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் அப்பா வீடுதான்.

அப்போது எங்கள் ஊர் மலையாள ராஜ்யத்தில் இருந்ததால் கச்சேரிகளில் மலையாளம்தான். வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர் எழுதித் தந்துவிட்டு, "அடுத்த மாசம் விளிப்பாங்க. தாசில்தாரு நடக்கச் சொல்லிப் பாப்பாரு" என்றார். அவர் அவ்வளவுதான் சொன்னார். இவருக்கு அது போதும்.

மறுநாள் விடியற்காலை அடுப்படியிலிருந்து வந்து பார்த்தால் வீட்டுக்குள் ஆளைக் காணோம். ஊன்றுகம்பு கிணற்றுச் சுவரில் சாய்ந்திருக்கிறது. இவர் தென்னைமரங்களைப் பிடித்துப் பிடித்து நடந்துகொண்டிருக்கிறார்.

"என்ன செய்யுகியோ?"

"நடக்கப் படிக்கேன். தாசில்தாருக்க முன்னால நொண்டிக்கிட்டா போவச் சொல்லுக?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கால் வராது என்று சொல்லத்தானே மனு! "நீங்க நல்லா நடந்து காட்டினா எந்தக் கிறுக்கன் துட்டு தருவான்? எப்பவும் போல கம்ப ஊணிக்கிட்டுப் போனாப் போரும்."

"ஏட்டி, ஆபீசருக்க முன்னால நிமுந்து நிக்கணும். பட்டாளத்துல படிச்சதாக்கும்."

"லாரிக்கு அடியில போயிப் படுக்கதும் அங்கதான் படிச்சேளா?"

சிரித்தார். கோபப்படவில்லை. அடுத்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

என் புத்தியையும் சொல்லவேண்டும். நடக்காதீர்கள் என்று பகலெல்லாம் சண்டை போடுவேன். காலையில் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசான் கொடுத்த முறிவெண்ணெயைச் சூடாக்கி அந்தக் காலுக்கே தேய்த்தும் விடுவேன். வலிக்கிறதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? எண்ணெயோ பிடிவாதமோ, கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னபடி கேட்கத் தொடங்கியது. ஒருநாள் கிணற்றடியிலிருந்து வேலி வரைக்கும் எதையும் பிடிக்காமல் நடந்துபோய்த் திரும்பினார். "கண்டியா?" என்றார். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கூடவே, அஞ்சுகிராமத்துக்கு மூட்டை கட்டவேண்டியதுதான் என்றும் நினைத்தேன்.

"சவத்துக் காலு, இத்தனை வருசம் சும்மா கெடந்துட்டு இப்பம்தான் சொகப்படணுமா!" என்று திட்டிக்கொண்டே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். அவர் நடக்கவேண்டும் என்று கும்பிடுவதா, நடக்கக் கூடாது என்று கும்பிடுவதா? இரண்டுக்கும் சேர்த்தே கும்பிட்டேன்.

கச்சேரியிலிருந்து கூப்பிட்டார்கள். கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி கசங்கிவிடுமாம், நாகர்கோவில் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். கச்சேரி வாசலில் கம்பை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனார். வாசலிலிருந்து தாசில்தார் மேசை வரைக்கும் ஒரு தடங்கல் இல்லை. மேசைமுன் நிமிர்ந்து நின்று சலாம் வைத்தார். அவ்வளவு அழகாக நடந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காரியம் கெட்டது என்பதும் தெரிந்துவிட்டது.

தாசில்தார் மனுவைப் படித்தார். ஆளைப் பார்த்தார். திரும்பவும் படித்தார். "காலினு குழப்பம் ஒந்நும் இல்லல்லோ?" என்றார். காலில் கோளாறு ஒன்றும் இல்லையே என்று.

"இல்ல சார்" என்றார் இவர். சொல்லியேவிட்டார் மனுஷன்!

"பட்டாளக்காரனல்லே, இரிக்கூ" என்று தாசில்தார் மரியாதையாக நாற்காலியைக் காட்டினார்.

இவர் நாற்காலியைப் பார்த்தார். உட்காரவில்லை.

ஒரு மாதமாக நாங்கள் நடப்பதைப் பற்றித்தான் சண்டை போட்டோம். உட்காருவது இரண்டு பேர் நினைப்பிலும் இல்லை. வீட்டில் அவர் உட்காரவேண்டுமென்றால் நான் முன்னால் போய் நிற்பேன். தோளில் இரண்டு கையையும் போடுவார். இடுப்பைச் சேர்த்துப் பிடித்து, இடது காலை என் பாதத்தால் முன்னே தள்ளிவிட்டுப் பைய இறக்குவேன். சாப்பிட உட்கார, கடையில் உட்கார, எல்லாவற்றுக்கும் அப்படித்தான். வாசல் தெளிப்பது, தலை வாருவது மாதிரி எனக்கு அதுவும் ஒரு வேலை.

"இரிக்கூ" என்றார் தாசில்தார் மறுபடியும். இவர் கழுத்தெல்லாம் வேர்வை. அதற்குமேல் என்னால் வாசலில் நிற்க முடியவில்லை. பெண்பிள்ளை உள்ளே வரலாமா என்று யாரிடமும் கேட்காமல், அத்தனை ஆண்களையும் தாண்டிப் போய் அவர் முன்னால் நின்றேன். கையைத் தூக்கமாட்டேன் என்று நின்றார். முகத்தையும் திருப்பிக்கொண்டார். "ம்" என்றேன். மெல்லக் கை வந்து தோளில் விழுந்தது. பிடித்து இறக்கி உட்காரவைத்தேன். மடங்காத கால் மேசைக்கடியில் நீட்டிக்கொண்டிருந்தது.

தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார். "எந்நும் இங்ஙனயாணோ?" என்று என்னைக் கேட்டார். தினமும் இப்படித்தானா என்று.

"எப்படி?" என்று கேட்டேன். சத்தியமாக எனக்குப் புரியவில்லை.

அவர் பேனாவைத் திரும்ப எடுத்தார். குனிந்து வெகுநேரம் எழுதினார். தொகை வரும், தைரியமாகப் போங்கள் என்றார். கொட்டாரத்திலேயே இருக்கலாம் என்ற நினைப்பில் நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"ஏட்டி, எழும்பாண்டாமா?" என்றார் இவர். அந்தக் கச்சேரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, என்னைப் பார்த்து இரண்டு கையையும் அவராகவே நீட்டினார்.