பிந்தி வருகிறவர்களுக்கான மணி

போன சனிக்கிழமை மெல்பேணின் மல்கிரேவில் மகளின் தமிழ் வகுப்புக்குப் போயிருந்தேன். மணி அடித்தது. "அங்கிள், கதவைச் சாத்துங்கோ, குளிருது" என்றார் இளம் ரீச்சர். கைப்பிடி வரை போன கை அப்படியே நின்றுவிட்டது. காரணத்தைச் சொன்னால் அவர் சிரிப்பார், உங்களிடம் சொல்லலாம்.

மெல்பேணுக்குப் படிக்க வந்த புதிதில் ஒரு ஞாயிறு வேலை கிடைத்தது. யூதப் பிள்ளைகளின் சின்னப் பள்ளிக்கூடத்தைத் திறந்து, பிள்ளைகள் இருக்கிற வாங்குகளைத் துடைத்து, கொக்கோ கலக்க வேண்டும். அவர்களின் வேதம் படிப்பிக்கிற பள்ளியாக்கும் என்று செபமாலையைக் கழற்றிப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போனேன். அங்கே கடவுளே இல்லை! யிட்டிஷ் மொழி, பாட்டு, தங்கள் வரலாறு, அவ்வளவுதான். போலந்தில் யூதத் தொழிலாளர்கள் இப்படித்தான் பள்ளிகள் நடத்தினார்களாம். போரில் தப்பி வந்தவர்கள் அதையே இங்கேயும் தொடங்கியிருந்தார்கள். செபம் சொல்லாமல் தொடங்குகிற வகுப்பை மன்னாரில் பிறந்த நான் அன்றுதான் கண்டேன்.

வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இன்னொரு மணி அடித்தது. எங்கள் ஊரில் நேரம் தப்பி மணி அடித்தால் குண்டுபோட விமானம் வருகிறது என்று அர்த்தம். கொக்கோவும் கையுமாக மேசைக்குக் கீழே போய்விட்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எழுபதைத் தாண்டிய ஹான்னா ரீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்து, "பயப்படாதை, அது பிந்தி வாற பிள்ளையளுக்கு" என்றார். அவர் பேசியது ஆங்கிலம்தான். என் நினைவில் அது எங்கள் ஊர்த் தமிழாகவே கிடக்கிறது.

பிந்தி யாரும் வருவதில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் அந்த மணி அடிக்கும். ரீச்சர் கதவைத் திறந்து பிடித்தபடி நிற்பார். ஒருநாள் கேட்டேவிட்டேன். போலந்தில் நாசிப் படையினர் வந்த காலை, அவருடைய தங்கை வீட்டிலிருந்து பள்ளிக்குப் புறப்பட்டாளாம். வந்து சேரவில்லை.

"அவள் எப்பவும் பிந்தித்தான் வருவாள்."

"அப்ப, ஆவியளை நம்புறீங்களோ?"

"சீ! நாங்கள் அதொண்டையும் நம்புறதில்லை."

இங்கே குளிர்காலமான ஜூலையில் ரீச்சருக்குக் கடும் இருமல். பாவமாக இருந்தது. ஒரு ஞாயிறு இரண்டாம் மணிக்கு முன்பே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டேன். மணி அடித்து ஓய்ந்ததும் கதவு தட்டப்பட்டது, என் இடுப்பளவு உயரத்தில். ரீச்சர் எழுந்துபோய்த் திறந்தார். வெளியே ஈரப்புல் மட்டும்தான். அவர் ஒரு பக்கம் ஒதுங்கி வழிவிட்டார். பிறகு கதவைச் சாத்தினார். முன்வாங்கில் இருந்த பிள்ளைகள் யாரும் சொல்லாமலே நெருங்கி உட்கார்ந்து ஓர் இடம் விட்டார்கள்.

என் கை பைக்குள் செபமாலையைத் தேடியது. "இன்னொரு கொக்கோ கொண்டு வா" என்றார் ரீச்சர். கொண்டுபோய் அந்த இடத்தின் முன்னால் வைத்தேன்.

ரீச்சர் இப்போது இல்லை. பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடமும் மூடிவிட்டது. அந்த இடத்தில் அடுக்குமாடி வந்திருக்கிறது. வாசலில் கண்ணாடிக் கதவு. சரியான இலக்கங்களை அழுத்தினால்தான் திறக்கும்.

அந்தச் சின்னப் பிள்ளைக்கு அந்த இலக்கங்களை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?