புரட்டாசியில் வந்த சார்டின்

புரட்டாசி பிறப்பதற்கு முன்பே என் வீட்டுக்காரர் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டார். எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றும்போது கால் முறிந்து, உள்ளே கம்பி வைத்து வீட்டோடு கிடந்த சமயம் அது. மாதம் முழுக்க வீட்டில் மச்சம் மாமிசம் புழங்காது, காலை மட்டும் திருப்பிக் கொடு என்று வேண்டிக்கொண்டார். அதற்கு முன் பெருமாளிடம் தனக்கென்று அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

குத்தகை வேலை. ஆள் படுத்ததும் சம்பளமும் நின்றது. அவரைப் பிடித்துத் தூக்க ஒருவர் வேண்டுமே என்று நானும் கேண்டீன் வேலையை விட்டேன். மலேசியாவில், ஜாசினில் நாங்கள் இருப்பது அடுக்குமாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டியவரை செம்பனைதான். அவ்வளவு பச்சையில் குழம்புக்கு ஒரு பிடி கீரை கிடையாது.

யாரோ சொல்லி, ஒரு சங்கத்துப் பிள்ளைகள் சாமான் கொண்டுவந்தார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். இரண்டு பேர் என்றேன். பையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அவர்கள் போனபின் பிரித்தேன். அரிசி, எண்ணெய், சீனி, கோழி மீ நூடுல்ஸ் பாக்கெட், அடியில் சார்டின் மீன் டின்கள். பருப்பு இல்லை.

டின்களைச் சாமி மேடைக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சில நாள் வெறும் புளி ரசத்தில் ஓடியது. மாத்திரையின் சூட்டில் அவர் முகம் வற்றிப்போனதைப் பார்க்கச் சகிக்காமல், டின்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் தமிழ் முஸ்லிம். பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனேன். இதற்குப் பதிலாகப் பருப்பு கிடைக்குமா என்று கேட்டு, ஒரு டின்னை எடுத்து நீட்டினேன். பாய் டின்னைத் திருப்பிப் பார்த்தார். விற்பனைக்கு அல்ல என்று மலாயில் முத்திரை குத்தியிருந்தது.

"விக்க முடியாது தங்கச்சி. பரவால்ல, எங்க வீட்டுல சாப்பிட்டுக்கிறோம். நீங்க பருப்ப எடுத்துக்கிங்க."

அந்நேரம் பார்த்துத்தான் கீழ்மாடி அக்கா உள்ளே வர வேண்டுமா? டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சும்மா வர்ற சாமானுக்கும் ருசி பாக்கணுமா லா," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பாய் தராசில் பருப்பை நிறுத்தார். எனக்குக் கடை வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

அன்று டிவியில், வேறு ஏதோ தேசத்தில் மாவுக்காகப் பாத்திரத்தோடு ஓடும் பிள்ளைகளைக் காட்டினார்கள். என் தலை தானாகக் குனிந்தது. என் வீட்டில் அரிசி இருந்தது. பசி என்று சொல்ல எனக்கு வாய் ஏது? ஆனாலும், நேர்ந்துகொண்ட மனுஷன் தட்டில் அவர் சாப்பிடக்கூடியது இல்லையென்றால் அதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பருப்பு தீர்ந்த சமயத்தில் அந்தப் பிள்ளைகள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை ஒரு தம்பி மரியாதையாகக் கேட்டான்.

"போன தடவ சாமான்லாம் சரியா இருந்துச்சா அக்கா? வேற என்னா வேணும், சொல்லுங்க."

இன்னொருவன் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தான். பருப்பு என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது. கூடவே கீழ்மாடி அக்காவின் சிரிப்பும் வந்தது.

"எல்லாம் நல்லா இருந்துச்சு தம்பி. ஆண்டவன் உங்கள நல்லா வச்சிருக்கணும்," என்று கைகூப்பினேன்.

பையில் மறுபடியும் சார்டின். அவர்கள் போனதும் துணிப்பையைத் தேடினேன். கட்டிலிலிருந்து அவர் குரல் வந்தது.

"கடைக்குப் போவாத. அந்தக் கீழ்மாடி அக்கா வந்து எல்லாம் சொல்லிட்டுப் போயிருச்சி."

துணிப்பையைத் தேடுவதை விட்டு அவர் பக்கம் போனேன்.

"இதையே ஆக்கு. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

கடைசிச் சனிக்கிழமை கூட வரவில்லை, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று கெஞ்சினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாமி மேடையின் திரையை இழுத்துவிட்டு டின்னை உடைத்தேன். ஜன்னல்களைச் சாத்தியும் வாசனை நடைபாதைக்குப் போயிருக்கும். தட்டை அவர் முன்னால் வைத்தபோது, "நீ சாப்பிடாத. நேந்தது நான்தான்," என்றார்.

நான் என் சோற்றிலும் இரண்டு துண்டு போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.