கலங்கலில் பிடித்த புடவை

கேண்டீன் டிவியில் கொரியக் கடற்போர்ப் படம். நூற்றுக்கணக்கான கப்பல்களுக்கு எதிரே பத்துப் பன்னிரண்டே கப்பலோடு ஒரு தளபதி, குறுகலான கடல்வழியில் போய் நின்றான்.

"காலி இவன்" என்றார் சூப்பர்வைசர்.

எனக்குச் சேறும் மீனும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது.

சேரப்பணஞ்சேரியில் நான் சிறுமியாக இருந்தபோது, ஏரி நிரம்பிய ஒரு வருடம் பக்கத்து ஊர்க்காரர்கள் நாற்பது பேர் வலையோடு இறங்கிவிட்டார்கள். எங்களிடம் இருந்தது அம்மாவின் பழைய நைலக்ஸ் புடவை. நான் அழுதேன்.

அம்மா வெற்றிலையைத் துப்பினாள். "ஏரிய அவுங்களே வெச்சிக்கட்டும். நீ வா."

உபரித் தண்ணீர் வழிகிற கலங்கலுக்கு இழுத்துப் போனாள். இரண்டு கல்லுக்கு நடுவே ஒரே சந்து. குறுக்கே புடவையைப் பிடித்தோம். வலைக்குத் தப்பிய கெண்டையெல்லாம் எங்கள் மடிக்கே வந்தது. விஷயம் தெரிந்து ஓடிவந்த நாற்பது பேருக்கும் அங்கே கால் வைக்க இடமில்லை.

படம் முடிவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. ஷிஃப்ட் விட்டதும் அம்மாவுக்குப் போன் போட்டுக் கதையைச் சொன்னேன்.

"அவன் நின்ன எடம் எம்மாம் அகலம்?"

"சந்து மாதிரிதாம்மா கீது."

"அப்ப அவந்தான் ஜெயிச்சிருப்பான். நீ சாப்டியா?"