இரண்டிலும் நாலிலும்

லண்டனுக்குக் கணக்கியல் படிக்கப் போனவன் நான். படித்தேனோ இல்லையோ, ஞாயிறு பின்னேரங்களில் ஒரு பப்பின் பின்னறையில் தவறாமல் ஆஜராகிவிடுவேன். ரிதம் அண்ட் புளூஸ் வாசிக்கும் இடம். வாசலில் புறங்கையில் முத்திரை குத்துவார்கள். உள்ளே சிகரெட் புகை, ஈரக் கம்பளிக் கோட்டு மணம். மேடை என்று ஒன்றும் இல்லை. மவுத் ஓர்கன்காரரின் முழங்கை என் காதில் இடிக்கும். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த அறை மெல்ல மிதந்து வருகிறது. கிட்டார் மட்டும் தண்ணீருக்குள் இருந்து கேட்கிறது.

நான் கோயில் கச்சேரி கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தாளம் என்றால் முதல் அடியில் தொடையில் போடுவதுதான் தெரியும். அங்கேயோ நாலடித் தாளத்தில் அறை முழுவதும் இரண்டிலும் நாலிலும் கைதட்ட, நான் ஒருவன் ஒன்றில் ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம், பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண் பொறுக்கமுடியாமல் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"பொறு," என்றாள். பிறகு, "இப்போது."

அவளைத்தான் கட்டினேன். ஊரில் அதற்கு நடந்த கூத்து வேறு கதை.

இப்போது அவள் கிரான்பர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். நினைவு போய்விட்டது. பழுப்பு நிறத்தில் யாரைக் கண்டாலும் அவளுக்கு டொக்டர்தான். ஐம்பது வருஷம் கூட வாழ்ந்த என்னையும் "நன்றி, டொக்டர்" என்று அனுப்பிவைப்பாள். எனக்குப் பொல்லாத கோபம் வரும். காருக்குள் இருந்து அழுதுவிட்டு வீட்டுக்குப் போவேன்.

போன ஞாயிறு, கிளம்பப் பார்த்த என்னை அங்கே வேலை செய்யும் எங்களூர்ப் பிள்ளை மறித்தாள். "அங்கிள், இண்டைக்கு மியூசிக் இருக்கு. நிண்டு கேட்டுட்டுப் போங்கோ."

நாலு கிழவர்கள் வந்து வாசித்தார்கள். அதே பழைய சங்கதி. ஜன்னல் வெயில் கம்பளத்தில் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் இருந்த என் மனைவி அந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அவளுக்கு ஒருதரம், ஒரேயொருதரம் தெரிந்துவிடாதா என்று இருந்தது. வேண்டுமென்றே ஒன்றில் தட்டினேன். பலமாக. முன்னால் இருந்த கிழவி திரும்பி முறைத்தாள். வெட்கத்தை விட்டுத் திரும்பத் திரும்பத் தட்டினேன்.

ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"பொறுங்கள், டொக்டர்," என்றாள். பிறகு, "இப்போது."

பாட்டு முடிந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.